ஒருமுறைக் கொடை

திருவண்ணாமலைக் கார்த்திகை விளக்கீட்டு நெய்க்குப் பணந்தருவோர் பலர். அத்தகு கொடையை 'ஒன் டைம் டொனேஷன்' என்பது படித்தவர் வழக்கு. 'ஒருநேர நன்கொடை' எனப் பெயர்ப்பாரும் உளர். ஒருநேரம் என்றால் தமிழனுக்கு ஒருவேளைச் சோறன்றோ! ஆங்கிலத்திலேயே அவ்வடை கொடையாளிக்குமுன் வரின், அவர் 'முன்னாள் கொடையாளி' ஆகிவிடவுங்கூடும். 'ஒருமுறைக் கொடை' என்க.

அதிலும் ஒரு வேறுபாடுண்டு. மலைமேல் வார்த்த நெய் எரிந்து தீர்வது. சோழர்காலத்திலோ நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை ஒரேமுறை கோயிலுக்கு விட்டனர். இறந்ததை ஈன்றது ஈடுசெய்ய, இடையர் நாளும் உழக்கு நெய் அளந்தனர். அம்மந்தையைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே கல்லில் வெட்டினர். இதுவும் ஒருமுறை தந்ததே. ஆயினும் இது கட்டளை. பற்றுச்சீட்டில் இரண்டையும் 'டொனேஷன்' என்றே எழுதினால், முதல் கெடாது காக்கவேண்டிய பணமும் ஒருநாட் செலவிற் கரையும்.