விரிசல் விட்ட வார்ப்பிரும்பும் வீட்டுக் கணக்கும்

ஒற்றசேகரமங்கலத்தில் நமது கிளைக்குக் கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் வீடு, பிள்ளைகளின் படிப்பு, ரப்பர் மறுநடவு ஆகியவற்றுக்காகவே வருவர். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறொரு காரணத்தோடு வந்தார். அவருடைய தந்தையார் 1972-இல் வாங்கிய அம்பாசடர் காருக்கு வேறு எஞ்சின் பொருத்த வேண்டுமாம். அதற்காக மனைவியின் நகைகளை அடகு வைக்கக் கொண்டுவந்திருந்தார்.

"எஞ்சினுக்கு என்ன ஆயிற்று, சார்?" என்று கேட்டோம்.

"எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெடித்திருக்கிறது. அது இப்போது கிடைக்காதாம். எஞ்சினையே மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக்" என்றார் அவர்.

காரைப் பற்றிப் பேச வங்கி அலுவலருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். கடன் தருவதற்கு முன், செலவு தேவைதானா என்று பார்ப்பது நமது கடமை. ஓர் இரும்புத் துண்டின் விரிசலுக்காக ஒரு குடும்பத்தின் நகை பெட்டகத்துக்குள் போவது நமக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே இதைச் சற்று விசாரித்து அறிந்துகொண்டோம்.

சிலிண்டர்களில் எரிந்த புகையைத் திரட்டி சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பகுதியே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சூடேறினால் அது நீளும், ஆறினால் சுருங்கும். 40 செ.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு, 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். அந்த அசைவுக்கு இடமில்லாதபடி நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினாலும், ஒரு ஸ்டட் முறிந்து பிடிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தாலும், பொருத்தும் பரப்பு வளைந்திருந்தாலும் விரிசல் விழும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதையே பொருத்தினாலும், அதுவும் ஒரு நாள் அவ்வாறே வெடிக்கும்.

விரிசலோடு வண்டியை ஓட்டுவது எவ்வகையிலும் தகாது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. வண்டிக்குள் புகுந்தால் உள்ளிருப்போரின் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஓசை கேட்டு, சூடேறியபின் அது குறைந்தால், விரிசல் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்து விரிசல் தற்காலிகமாக மூடிக்கொள்வதால்தான் ஓசை அடங்குகிறது. பழுது தானாகத் தீர்ந்துவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பற்றவைப்பது. மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, விரிசல் மேலும் ஓடாதபடி அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட வேண்டும். பின்னர் முழுவதையும் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடு கொண்டு சிறிது சிறிதாக வெல்டிங் செய்து, உலர்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். சாதாரண இரும்பு ராடு கொண்டு அவசரமாகப் பற்றவைத்தால், ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். இறுதியாகப் பொருத்தும் பரப்பை இயந்திரத்தில் சமன் செய்து, புதிய கேஸ்கட் இட வேண்டும்.

இரண்டாவது, பழைய உதிரிபாகம் தேடுவது. அம்பாசடர் அரிய வண்டி அன்று. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தேடிப் பார்க்கலாம். ஆனால் 1489 சி.சி. எஞ்சினுக்கு உரியது பின்னாளில் வந்த இசுசு எஞ்சினுக்குப் பொருந்தாது. எந்த எஞ்சினுக்கு உரியது என்பதை உறுதி செய்து, பரப்பின்மேல் இரும்பு அளவுகோலை வைத்து வளைவு பார்த்த பின்னரே பணம் தர வேண்டும்.

மூன்றாவது, கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் வார்ப்படப் பட்டறைகளில் புதிதாக வார்ப்பது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். பழையதையே அச்சாக வைத்தால் 40 செ.மீ. துண்டு 4 மி.மீ. குறைந்துவிடும், துளைகள் பொருந்தா. தனி அச்சு செய்ய வேண்டியிருப்பதால், ஒரே ஒரு வண்டிக்கு இது கட்டுபடியாகாது.

எனவே, விரிசல் சிறிதாயின் பற்றவைப்பதும், துண்டே உடைந்து போயிருப்பின் பழைய உதிரிபாகம் வாங்குவதும் தக்கவை என்பது நமது கருத்து. எஞ்சினை மாற்றுவதற்கு இங்கே காரணமே இல்லை.

கணக்கியலும் இதையே சொல்கிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் குறைந்துசெல் மதிப்பில் தேய்மானம் கழித்தால், ஒரு லட்சம் ரூபாய்க் கார் 30 ஆண்டுகளில் ஏடுகளில் 800 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். அத்தகைய சொத்தின்மேல் வட்டிக்கு வாங்கிய பெருந்தொகையை ஏற்றுவது விவேகமன்று. விற்றாலும் அந்தத் தொகை திரும்பும் என்ற உறுதி இல்லை. இயந்திரக் கோளாறையும் இயல்பான தேய்மானத்தையும் வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் கவனிக்கத்தக்கது. எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மேலும், 2021-இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடப் பயணத்துக்கு அந்த வாகனத்தைப் பயன்படுத்தலாகாது என்பதால், எல்லோருக்கும் அது ஏற்றதன்று. ஆனால் எஞ்சினை மாற்றிவிட்டால், அந்தத் தகுதியே கைநழுவிப் போகும். ஆசிரியரின் கார் 50 ஆண்டுகளைக் கடந்துவிட்ட கார்.

மெக்கானிக்கையும் நாம் குறை கூறவில்லை. பழைய வார்ப்பிரும்பைப் பற்றவைக்கும் கைத்திறன் அருகிவருகிறது. மாற்றுவது அவருக்கு எளிது, பொறுப்பும் குறைவு. ஆனால் அவருக்கு எளிதானது நமக்குச் சிக்கனமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெருஞ்செலவு என்றால் இன்னொருவரிடமும் கேட்பதில் தவறில்லை.

ஆசிரியர் அன்று நகைகளைத் திருப்பி எடுத்துச் சென்றார். எல்லை தாண்டி மார்த்தாண்டம் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் விசாரித்தார். முறிந்திருந்த ஒரு ஸ்டட்தான் காரணம் என்று அங்கே கண்டார்கள். ஸ்டட்டை மாற்றி, விரிசலைப் பற்றவைத்து, பரப்பைச் சமன் செய்தார்கள். ஒரு மாத ஓய்வூதியத்துக்குள் வேலை முடிந்தது. அடுத்த வாரம் அவர் நமது கிளைக்கு மீண்டும் வந்து, காரின் பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினார். பழைய வண்டி வைத்திருப்போர் அனைவருக்கும் நாம் பரிந்துரைப்பதும் அதுவே: பழுது வருவதற்கு முன்பே அதற்கான பணம் ஓரிடத்தில் சேர்ந்திருக்கட்டும்.