காட்டுக் குதிரையல்ல, கட்டாக்காலி

நெடுந்தீவுக் குதிரைகளைக் ‘காட்டுக் குதிரைகள்’ என்று அழைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. சுற்றுலா விளம்பரங்கள் அவ்வாறே எழுதுகின்றன. வகுப்பறைகளிலும் அதுவே ஒலிக்கிறது. இது வெறும் சொற்பிழையன்று. பொறுப்பைக் கைகழுவ வசதியான பொய் என்றே நாம் கூறுவோம்.

இக்குதிரைகள் எக்காட்டிலிருந்தும் வந்தவையல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை எனப்படுகின்றன. ஒல்லாந்தர் லாயம் கட்டிக் குதிரைகளை வளர்த்தனர். அதன் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரி நோலன் அவ்வளர்ப்பை நடத்தினார். ஆள்வோரின் தேவை தீர்ந்தது, எசமானர் போயினர், குதிரைகள் எஞ்சின.

‘இத்தனை தலைமுறை தன்னிச்சையாய்த் திரிந்தபின் அவை காட்டு விலங்காகிவிடாவோ?’ என்பர் சிலர். பரம்பரையியல் இதற்கு விடை தருகிறது. ஒரு விலங்கைப் பழக்குவது வேறு. ஓர் இனத்தையே வீட்டினமாக்குவது வேறு. பெரஹராவில் நடக்கும் யானை பழக்கப்பட்டது. ஆனால் அதன் இனம் இன்றும் காட்டினமே. நெடுந்தீவுக் குதிரையோ மனிதரைக் கண்டால் ஓடுகிறது. ஆனால் அதன் இனம் வீட்டினம். முன்னது பயிற்சியால் வந்தது; பின்னது பரம்பரையலகுகளிற் பதிந்தது.

1959இல் சைபீரியாவின் நோவசிபீர்ஸ்க் நகரில் பெலியாயெவ் என்ற அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பண்ணை நரிகளுள் மனிதரிடம் அச்சமும் சீற்றமும் குறைந்தவற்றையே தெரிந்து, தலைமுறைதோறும் இனம் பெருக்கினார். சில தலைமுறைகளுக்குள் வாலாட்டி மனிதரை நாடும் நரிகள் பிறந்தன. குட்டிகளுக்கு எவரும் அதைக் கற்பிக்கவில்லை. குணம் பரம்பரையாய் இறங்கியது.

குதிரையின் கதையும் இத்தகையதே. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, பண்டைய குதிரை எச்சங்களின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டது. இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதையர் வொல்கா, டொன் நதிகளின் புல்வெளியிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவினர் என்று அது காட்டியது. இரு பரம்பரையலகுகள் அக்காலத்தில் வலுவாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. ஒன்று முதுகின் வலுவோடும், மற்றது அமைதிக் குணத்தோடும் தொடர்புடையன என ஆய்வாளர் கருதுகின்றனர். மனிதனைச் சுமக்கும் முதுகு மனிதனின் தெரிவினால் வந்தது. லாயக்கதவு திறந்துவிட்டால் அத்தெரிவு அழிந்துவிடுமா? மொங்கோலியப் புல்வெளியின் பிரெசவால்ஸ்கிக் குதிரைக்கு 66 நிறமூர்த்தங்கள். வீட்டுக் குதிரைக்கு 64. கடிவாளத்தைக் கழற்றியதனால் மட்டும் இவ்வேறுபாடு மறையாது.

ஆகவே நெடுந்தீவில் திரிபவை கட்டாக்காலிகள். கட்டாக்காலி என்ற நம் ஊர்ச்சொல்லிலேயே, கட்டவேண்டியவர் எவரோ இருந்தார் என்ற நியாயம் அடங்கியிருக்கிறது.

வறட்சியான ஆண்டுகளில் இக்குதிரைகள் நீரின்றி மடிகின்றன. ‘இயற்கையின் நியதி’ என்று அப்போது பேசுவோர் உளர். புல்வெளிக் குதிரை நீரைத் தேடி நெடுந்தூரம் செல்லும். நெடுந்தீவுக் குதிரை எங்கே செல்லும்? நாற்புறமும் உப்புக்கடல். அத்தீவில் அடைத்தது இயற்கையன்று, மனிதனே. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகை தாகம் தீர்க்குமா?

‘மனிதருக்கே நன்னீர் அரிதான தீவில் குதிரைக்கு நீரா?’ என்ற வினாவை நாம் ஏளனம் செய்யோம். நன்னீருக்காகக் குடத்தோடு காத்திருக்கும் தாய்மாரின் துயர் பெரிது. ஆனால் மக்களையும் குதிரைகளையும் ஒரு துரவடியிலே போட்டியிட வைத்தவர் யார்? இருவரையும் ஒருங்கே புறக்கணித்தவரன்றோ! மக்களுக்கு நிறைவான குடிநீர்த் திட்டமும், விலங்குகளுக்கு வேறாகத் தூர்வாரிய கேணிகளும் தொட்டிகளும், நிலையான கால்நடை வைத்தியமும் வேண்டும். இவற்றைச் சேர்த்தே நாம் கோருகின்றோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ‘காட்டுக் குதிரை’ என்ற சொல்லை முதலில் உங்கள் கரும்பலகையிலிருந்து அழியுங்கள். மனிதன் தன் தேவைக்காக உருமாற்றிய உயிருக்கு, தேவை தீர்ந்தபின்னும் மனித சமூகம் கடன்பட்டதே. அக்கடனை இயற்கையின் கணக்கில் எழுத நாம் இடங்கொடோம்.