நான் ஒரு யாத்திரிகன்

"உம்மைப் பற்றிச் சிறிது கூறும்" என்று எவரேனும் கேட்டால், நம் மாணாக்கருட் பலர் தயங்காது தரும் விடை ஒன்றுண்டு. "பிரயாணம் எனக்கு உயிர், இயற்கையையும் கலாசாரத்தையும் நேசிப்பவன், எவருடனும் எளிதிற் பழகுவேன்" என்பதே அது. கேட்பதற்கு இனிய விடைதான். ஆயினும் அதன் உண்மையைக் கேட்பவர் எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்கு இலங்கைச் சரித்திரம் இரண்டு சாட்சிகளைத் தருகின்றது.

முதற் சாட்சி இபுனு பதூதா. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இருபத்தொரு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைக் கண்டார். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியமையால் இருவரும் அளவளாவ முடிந்தது. பல தேசத்து வரலாறுகளைக் கேட்டு மகிழ்ந்த மன்னர் முத்துக்களை வழங்கியதோடு, வேண்டுவதைக் கூசாது கேட்குமாறும் பணித்தார். பதூதா பொன்னைக் கேட்டாரல்லர், பதவியையும் கேட்டாரல்லர். ஆதம் நபியின் பாதச்சுவடு உள்ள மலையைத் தரிசிக்க வேண்டும் என்ற ஒன்றையே கேட்டார்.

மன்னர் பல்லக்கு ஒன்றை அளித்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்திற் பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர் ஆகியோரையும் துணைக்கு அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகரை, சைவ மன்னர் ஒருவர், யோகியர் துணையுடன், பௌத்தரும் போற்றும் மலைக்கு வழியனுப்பி வைத்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! வழியிலே கண்ட அட்டைகளையும், அவற்றைப் போக்க மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும், உள்ளங்கை அகலச் செந்நிறப் பூக்களையும், மலையேறுவோர் பற்றிச் செல்லும் இரும்புச் சங்கிலிகளையும் பதூதா தம் பிரயாண நூலிற் பதிந்துள்ளார். இயற்கையை நேசிப்பதாக அவர் பறைசாற்ற வேண்டியிருக்கவில்லை. கண்டதைக் கருத்தாய்க் கண்டமையே அதனை உணர்த்திவிடுகின்றது.

இரண்டாவது சாட்சி ஒரு கல். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்கியது. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. அதிலே சீன மொழியிற் புத்தருக்கும், தமிழிலே தென்னாவரநாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. இதனினும் பண்பான அறிமுகம் வேறென்ன வேண்டும்? ஆனால் அதே தளபதி கோட்டை இராச்சியத்தோடு போர் புரிந்து, அதன் ஆட்சியாளரைச் சிறைப்படுத்தி 1411இற் சீனாவுக்குக் கொண்டுசென்றார். ஆகவே, அறிமுகவுரை அழகாயிருப்பது மட்டும் போதாது. பின்வரும் செயல் அதற்கு இசைய வேண்டும்.

இஃது ஏன் இன்று நமக்கு முக்கியம்? 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால், வடக்கிலும் தெற்கிலும் பிள்ளைகள் பலர் ஒருவர் ஊரை மற்றவர் காணாமலே வளர்ந்தனர். இன்று பாதை திறந்திருக்கின்றது. பஸ்ஸிலே அருகில் இருப்பவர் நம்மைக் கொண்டே நம் இனத்தை எடைபோடுவார். நாமும் அவரை அவ்வாறே எடைபோடுவோம்.

பதூதா ஏறிய மலையையே எடுத்துக்கொள்வோம். 2,243 மீற்றர் உயரமுள்ள அதனை நாம் சிவனொளிபாதமலை என்போம். சிங்களவர் ஸ்ரீபாத என்பர். இறங்கி வருவோரும் ஏறிச் செல்வோரும் எதிர்ப்படும்போது "கருணாவாய்" என்று வாழ்த்துவது அங்குள்ள வழக்கம். அவ்வொரு சொல்லை அறிந்து மனமுவந்து கூறுபவனே எவருடனும் பழகுபவன். குடித்த போத்தலைப் பைக்குள் இட்டுக் கீழே கொணர்பவனே இயற்கையை நேசிப்பவன். மற்றவர் தொழும் இடத்திலே குரலைத் தாழ்த்துபவனே கலாசாரத்தை மதிப்பவன்.

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் புதியதோர் ஊருக்குச் செல்லுங்கள். அவ்வூர் மொழியிற் பத்துச் சொற்களையும், அங்குள்ள மரங்கள் ஐந்தின் பெயர்களையும் கற்று வாருங்கள். அதன் பின்னர் எவரேனும் உங்களைப் பற்றிக் கேட்டால், "நான் ஒரு யாத்திரிகன்" என்று தாராளமாகக் கூறலாம்.