பழைய பேட்டரியோடு புதியதைப் பூட்டாதீர்கள்



ஐப்பசி பிறக்கப் போகிறது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வாட்ஸ்அப்பில் வரும். "சார், ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்காங்க. இன்வெர்ட்டர்ல ரெண்டு பேட்டரியில ஒண்ணு போயிடுச்சாம். ஒண்ணு மட்டும் மாத்தினா போதும்னு கடைக்காரர் சொல்றார். பணம் அனுப்பட்டுமா?" இந்த வருஷம் கூடுதலாக இன்னொன்று: "லித்தியம் ஒண்ணு வாங்கிப் பழசோட சேத்துடலாமா?"

தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. என் கருத்தை எல்லோருக்கும் சேர்த்து இங்கே போட்டுவிடுகிறேன்: இரண்டும் வேண்டாம். ஒரு பேட்டரிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அந்த ஒன்றை மட்டும் வைத்து, சின்ன இன்வெர்ட்டராகப் போட்டுக்கொள்ளுங்கள். பழையதோடு புதியதையோ, ஒரு ஜாதி பேட்டரியோடு இன்னொரு ஜாதியையோ பூட்டாதீர்கள்.

பூட்டுவது என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். பாகூர்ப் பக்கம் ஏர் ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும். ஒரே நுகத்தடியில் கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் பூட்டினால் என்ன ஆகும்? இளங்காளை கிழத்தை இழுத்துக்கொண்டு நடக்கும். கிழம் மூச்சிரைத்து நிற்கும். கொஞ்ச நாளில் காளையின் கழுத்தும் புண்ணாகும். நம் வீடுகளில் 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடரிணைப்பில் மாட்டுவது அப்படிப்பட்ட நுகத்தடிதான். தொடரிணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? பத்து ஆம்பியர் என்றால் புதியதிலும் பத்து, பழையதிலும் பத்து. "எனக்கு முடியவில்லை, நீ கொஞ்சம் அதிகம் இழு" என்று சொல்ல வழியே கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஈயப் பேட்டரி ஒன்றில் ஆறு அறைகள். இரண்டு பேட்டரிக்குப் பன்னிரண்டு. சார்ஜர் 28.8 வோல்ட் கொடுக்கிறது என்றால் அறைக்கு 2.4 வோல்ட், பேட்டரிக்கு 14.4. சரியான அளவு. பழையதில் ஓர் அறை ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது அதே 28.8ஐப் பதினோரு அறைகள் பங்கிட வேண்டும். அறைக்கு ஏறக்குறைய 2.62. புதிய பேட்டரியின் ஆறு அறைக்கும் சேர்த்து 15.7 வோல்ட். சார்ஜருக்கு இது தெரியாது. அதற்கு மொத்தம்தான் கண்ணில் படும். 28.8 இருக்கிறது, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஏற்றும். புதிய பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும்.

நேர்மாறாகவும் நடக்கும். பழையதில் தகடுகள் மீது சல்பேட் படிந்து தடை ஏறிவிட்டால், அது தன் பங்குக்கு 16 வோல்ட்டை எடுத்துக்கொண்டு 12.8ஐத்தான் மிச்சம் விடும். அப்போது புதியது கொதிக்காது, ஆனால் என்றைக்கும் நிறையாது. அரைவயிற்றிலேயே கிடக்கும் ஈயப் பேட்டரிக்கும் அதே சல்பேட் வியாதி வரும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தானுக்கு நுரையீரல் தொந்தரவு. ஆக்சிஜன் மெஷின் ஓடியாக வேண்டும். சுமார் 300 வாட் இழுக்கும் சாதனம் அது. நாலு வருஷப் பேட்டரி ஒன்று போனதும் கடையில், "இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று புதியது ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுப் போனார்கள். பதினான்கு மாதம். ஒரு மழை ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டர் இருபதே நிமிஷத்தில் கத்த ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. மறுநாள் காலை நான் மீட்டரோடு போய்ப் பார்த்தபோது பழைய பேட்டரி விலா புடைத்துக் கிடந்தது. புதியதில் தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று அக்கா கேட்டாள்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்தியது வேறு ஒன்று. அக்கா வீட்டில் பேட்டரி இருந்தது மாடிப்படிக்குக் கீழே. அதை ஒட்டியே சாமி அலமாரி, தினம் ஏற்றுகிற விளக்கு. கொதிக்கிற ஈயப் பேட்டரி ஹைட்ரஜனை வெளியே விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் வாயு. உங்கள் வீட்டில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால் விளக்கு ஏற்ற வேண்டாம், சுவிட்சுகளைத் தொட வேண்டாம், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி லித்தியம். நல்ல பொருள்தான், நான் எதிரி இல்லை. ஈயப் பேட்டரியை பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது 1859இல். இப்போது வீட்டுக்கு வருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை குட்எனஃப் குழுவினர் அறிவித்தது 1997இல். இடையில் 138 வருஷம். இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், ஆனால் சாப்பாட்டு வேளை வேறு. ஈயம் கடைசிப் பங்கை மெதுவாக, மணிக்கணக்கில் ஏற்றிக்கொள்ளும். லித்தியம் மளமளவென்று நிரம்பிவிடும். நிரம்பியதும் அதனுள்ளே இருக்கிற பி.எம்.எஸ். என்ற காவல்காரன் வாசலைச் சாத்திவிடுவான். தொடரிணைப்பில் ஒரு வாசல் சாத்தினால் பாதை முழுதும் அடைபட்டது. ஈயம் பட்டினி கிடக்கும். ஆகவே இரண்டையும் தொடரில் மாட்டுவது கூடவே கூடாது.

பக்க இணைப்பில்? அமெரிக்காவில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் இதைக் கேட்டான். அங்கே வீட்டோடு வண்டி என்று கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் ஈயத்தையும் லித்தியத்தையும் பக்கவாட்டில் சேர்த்து ஓட்டுகிறார்களாம். ஓடும், மறுக்கவில்லை. சும்மா இருக்கும்போது நிறைந்த லித்தியம் 13.3 வோல்ட்டில் நிற்கும், ஈயம் 12.7இல். வாய்க்கால் வெட்டிச் சேர்த்த இரண்டு குளம் மாதிரி, மேட்டுக் குளம் முதலில் இறங்கும். லித்தியம் எல்லா வேலையும் செய்ய, ஈயம் சும்மா இருக்கும். லித்தியம் காலியாகி வாசல் சாத்தினால் மொத்தச் சுமையும் ஈயத்தின் தலையில். திரும்ப ஏற்றும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பெரிய மின்னோட்டம் பாயக்கூடும். அந்தக் கேரவன்காரர் தடித்த ஒயரும் ஃபியூஸும் போட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே பயணம் போகிறவர். அவர்களிலும் விவரமானவர்கள் என்ஜின் பேட்டரிக்கும் வீட்டுப் பேட்டரிக்கும் நடுவே தனிச் சார்ஜர் வைத்துப் பிரித்தே ஓட்டுகிறார்கள். வில்லியனூரில் எழுபது வயது அம்மா மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா?

லித்தியம்தான் வேண்டுமென்றால் முழுதாக மாறுங்கள். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டரும் மாற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

"பழசு நல்லா இருக்கே, வீணாப் போகுமே சார்" என்பார்கள். வீணாக்க வேண்டாம். தனியாக ஒரு 12 வோல்ட் இன்வெர்ட்டரில் மாட்டி மாட்டுக்கொட்டகை விளக்குக்கு விடுங்கள். அல்லது கடையிலேயே எடைக்குப் போடுங்கள். ஈயத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்கே திரும்ப வாங்கும் பொறுப்பு இருக்கிறது. தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஆசிட்டை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து வாங்கி, சில மாதத்திலேயே ஒன்று பழுதாகி, அதே கம்பெனி, அதே மாடல், அதே ஏ.எச். கிடைத்தால் மாட்டலாம். அதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். மாட்டிய பின், சார்ஜ் ஏறும்போது ஒவ்வொன்றின் வோல்ட்டையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடி சேரவில்லை.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2024இல் ஃபெஞ்சல் வந்து, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பாகூர்ப் பக்கம் புகுந்தபோது பேட்டரி தரையில் இருந்த வீடுகளில் என்ன ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் பேட்டரியை உயரமான மேடையில் வைக்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் இப்போது ஒரே மாதிரி இரண்டு, சாமி அலமாரியிலிருந்து தள்ளி, வராந்தாவில் மூன்றடி உயரத்தில் இருக்கின்றன.

வில்லியனூர், பாகூர்ப் பக்கம் பெற்றோர் இருக்கிற பிள்ளைகள் தயங்காமல் மெசேஜ் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஒரு சுற்று வருகிறேன். காபி மட்டும் போதும், சர்க்கரை வேண்டாம்.