அடுத்த வருஷம் போகலாமா?

மே மாதத்தில் சென்னைவாசிகளுக்குப் பேச இரண்டே விஷயங்கள்தான் உண்டு. ஒன்று, வெயில். மற்றொன்று, அந்த வெயிலிலிருந்து தப்பி எங்கே ஓடலாம் என்பது. 2025-ஆம் வருஷத்து மே மாதத்தில் மூன்றாவது விஷயம் ஒன்றும் வந்து சேர்ந்தது: "இந்தச் சமயத்திலே போய் யாராவது விமானம் ஏறுவார்களா?"

எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்வி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காரணம், மார்ச் மாதமே டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மே 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு விமானம். அன்றிரவு ரயில் ஏறி நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து டார்ஜிலிங். நான், என் கணவர், எங்கள் ஒன்பது வயதுப் பெண், அறுபத்தெட்டு வயது மாமியார் ஆக நான்கு பேர்.

டார்ஜிலிங் என்பது எங்கள் குடும்பத்தில் ஊரின் பெயர் அல்ல. அது ஒரு பழைய வாக்குறுதி. என் மாமனார் இருந்த காலத்தில் ஒவ்வொரு கோடைக்கும், "அடுத்த வருஷம் டார்ஜிலிங்" என்பாராம். மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே ஒரு கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்தார். வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், நாத்தனார் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்ததில் ஸ்வெட்டர் நாப்தலின் உருண்டையோடு பீரோவிலேயே இருந்துவிட்டது. அவரும் காலமாகி ஆறு வருஷமாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமியாருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் செய்து உலோக மூட்டு வைத்தார்கள். கைத்தடி இல்லாமல் நடந்த அன்று அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இனிமேல் மலைக்குப் போகலாமா?" என்பதுதான்.

இந்த நிலைமையில் மே 7-ந் தேதி விடிந்தது. ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரத்துப் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் அல்லவா? அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே விடுமுறைக்குப் போனவர்கள். அதற்குப் பதிலடியாக நம் படைகள் அன்று நடவடிக்கை தொடங்கின. வடக்கிலும் மேற்கிலும் விமான நிலையங்கள் வரிசையாக அடைக்கப்பட்டன. ஸ்ரீநகர், லே, சண்டிகர், அமிர்தசரஸ், ஜோத்பூர், ராஜ்கோட் என்று கணக்கு 32 வரை போயிற்று. திறந்திருந்த விமான நிலையங்களிலோ, மூன்று மணி நேரம் முன்னதாக வரவேண்டும், வழியனுப்ப வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, ஒரு முறை சோதித்த பிறகு விமானத்தில் ஏறும் இடத்தில் மறுபடியும் சோதனை என்று கட்டளைகள் பறந்தன.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டில் மகாநாடு கூடியது.

"கான்ஸல் செய்துவிடலாம். உயிரை விடவா டார்ஜிலிங் பெரிது? அடுத்த வருஷம் போகலாம்" என்றார் என் கணவர்.

எதிர் வீட்டுப் பெரியவர் காப்பி சாப்பிட வந்தவர், "விமானம் எதற்கு? காரை எடுங்கள். ராத்திரி புறப்பட்டால் விடியற்காலை கொடைக்கானல்!" என்று யோசனை சொன்னார்.

"ரயிலிலேயே கல்கத்தா போகலாமே? கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இருக்கிறது" என்றேன் நான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். 2023-ஆம் வருஷம் ஜூன் 2-ந் தேதி பாலசோர் அருகே நடந்த கோரம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. 290-க்கும் மேற்பட்டவர்கள் மாண்ட விபத்து அது. கூடம் நிசப்தமாகிவிட்டது.

மாமியார் மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர், நாரை அறுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"1984-லே நாங்கள் பல்லாவரத்தில் குடியிருந்தோம். இவன் கைக்குழந்தை. ஆகஸ்டு மாதம் இரண்டாந் தேதி, ராத்திரி பதினொரு மணி சுமாருக்கு ஒரு சத்தம். ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. இடி என்றுதான் நினைத்தோம். மறுநாள்தான் தெரிந்தது, மீனம்பாக்கத்திலே குண்டு வெடித்தது என்று. அதற்கப்புறம் ரொம்ப நாள் விமானச் சத்தம் கேட்டாலே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிடுவேன்."

இதைக் கேட்டதும் என் கணவர், "பார்த்தாயா?" என்கிற பாவனையில் என்னைப் பார்த்தார். விவகாரம் முடிந்துவிட்டது என்றே நானும் எண்ணினேன். ஆனால் பத்திரிகைத் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எதையும் ஒரு முறை புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. அன்றிரவு உட்கார்ந்து பழைய செய்திகளைப் படித்தேன்.

மீனம்பாக்கத்தில் அன்று நடந்தது என்ன? கொழும்புக்குப் போகும் விமானத்துக்கென்று ஒருவன் பெட்டிகளைக் கொடுத்தான். ஆனால் அவன் விமானம் ஏறவில்லை. ஆள் வராத பெட்டிகளை நிலையத்துக்குள்ளேயே ஒதுக்கி வைத்தார்கள். குண்டு இருக்கிறது என்று டெலிபோனில் எச்சரிக்கை வந்தும் தக்க நடவடிக்கை நடக்கவில்லை. 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம், 1985 ஜூன் 23-ந் தேதி, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்களே, அங்கேயும் அதே கதைதான். பெட்டி ஏறியது; பெட்டிக்குரியவன் ஏறவில்லை.

ஆள் ஏறாவிட்டால் அவன் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்று இன்று இருக்கும் கட்டுப்பாடு இப்படி வந்ததுதான். விமானம் தாமதமாகும்போது நாம் முணுமுணுக்கிறோம். அந்த அரை மணி நேரத்துக்கு எத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து போகும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். அதன் பிறகுதான் வெளிநாட்டுப் பிரயாணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. நம் நாட்டில், 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தைக் கடத்திக் காந்தஹாருக்குக் கொண்டுபோனார்களே, அதற்குப் பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் விமான நிலையக் காவல் ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே, சோதனை கடுமையாக இருக்கும் நாள் வேறு, ஆபத்து அதிகமாக இருக்கும் நாள் வேறு. தெருவில் திருட்டுப் பயம் என்றால் நாம் இரண்டு பூட்டுப் போடுகிறோம். இரண்டு பூட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்த வீட்டில் ஏதோ ஆபத்து!" என்று நாமே பயந்து வெளியே ஓடலாமா? 1984-ல் மீனம்பாக்கத்தில் அந்த இரண்டாவது பூட்டு இல்லை.

எதிர் வீட்டுப் பெரியவரின் கார் யோசனையையும் விட்டுவிடவில்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திக் கட்டடங்களில் மோதிய பிறகு, அந்த நாட்டு ஜனங்கள் விமானத்துக்குப் பயந்து நெடுந்தூரம் காரிலே போக ஆரம்பித்தார்கள். கெர்ட் கிகரன்ஸர் என்ற ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் இதைக் கணக்கிட்டார். விமானத்தைத் தவிர்த்துச் சாலையில் போனதால் மாத்திரம் அடுத்த ஒரு வருஷத்தில் சுமார் 1,500 பேர் கூடுதலாக விபத்தில் இறந்தார்கள் என்பது அவர் மதிப்பீடு. நம் தேசத்துச் சாலைகளிலோ 2022-ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சர்க்கார் கணக்கு. ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு மலைப்பாதையில் கார் ஓட்டுவதை நாம் பயமில்லாமல் செய்கிறோம். அது நமக்குப் பழகிப்போய்விட்டது.

விமானத்தில் ஆபத்தே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த மாதமே, ஜூன் 12-ந் தேதி, ஆமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் மாண்டது நமக்கெல்லாம் தெரியும். எந்த வாகனமும் முழு உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் பயத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய ஆபத்தில் போய் விழக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட சங்கடம் உங்கள் வீட்டிலும் வரலாம். அதற்காக, அன்று நான் காகிதத்தில் எழுதி வைத்த மூன்று கேள்விகளை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நாம் போய் இறங்குகிற ஊர் எப்படி இருக்கிறது? சண்டிகருக்கோ லேவுக்கோ டிக்கெட் வாங்கியவர்கள் பேசாமல் ஒத்திப்போட்டதுதான் சரி. அங்கே விமான நிலையமே அடைத்துக் கிடந்தது. கல்கத்தா அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, நாம் பயப்படுவது ஆபத்துக்கா, அவஸ்தைக்கா? "பயமாக இருக்கிறது" என்று நாம் சொல்வதில் பாதி, வரிசையில் நிற்கவேண்டுமே, பையைக் கொட்டிக் காட்டவேண்டுமே என்கிற அலுப்புத்தான். அலுப்பு நியாயமான காரணம்தான். ஆனால் அதற்கு ஆபத்து என்று பெயர் வைக்கக் கூடாது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அந்த அவஸ்தை யார் தலையில் விழும்? என் கணவருக்கு மூன்று மணி நேரம் நிற்பது பெரிதல்ல. உலோக மூட்டு வைத்த மாமியாருக்கு? வாசல்படி போன்ற சோதனைச் சட்டத்தைத் தாண்டினாலே மணி அடிக்கும். தனியே அழைத்துச் சோதிப்பார்கள். அது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஆகவே முடிவு சொல்லவேண்டியவர் அவர், நாங்கள் அல்ல. யாருக்கு முடியவில்லையோ அவர் "வேண்டாம்" என்றால் அது கோழைத்தனம் ஆகாது. டிக்கெட் பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை, காப்பியைக் கொடுத்துவிட்டு, நடக்கப்போவதை எல்லாம் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். பெண்களைப் பெண் காவலர்கள்தான் திரை மறைவில் சோதிப்பார்கள், புடவையின் மேல் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், முழங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். டாக்டர் கடிதம் இருந்தால் விளக்கம் சொல்ல உதவும், ஆனால் சோதனையிலிருந்து விலக்குக் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், "நேற்று நான் அந்தக் கதையைச் சொன்னது, போகவேண்டாம் என்பதற்காக இல்லை, அம்மா. அப்போது இப்படி யாராவது சோதித்திருந்தால் அத்தனை பேர் பிழைத்திருப்பார்களே என்றுதான்" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "ஏண்டா, உங்கப்பாதான் முப்பது வருஷம் 'அடுத்த வருஷம்' என்று சொன்னார். நீயுமா?" என்றார்.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை. பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினார்.

அன்று மாலையே சண்டை நின்றது என்ற செய்தி வந்தது. ஆனால் விமான நிலையத்துக் கட்டுப்பாடுகள் தளரவில்லை. நாங்களும் அதற்குத் தகுந்தபடியே மூட்டை கட்டினோம். பூஜைக்கென்று மாமியார் எடுத்து வைத்த கற்பூரமும் தீப்பெட்டியும் வீட்டிலேயே நின்றன. கொப்பரையும் கூடாது, அது தீப்பற்றக்கூடிய வஸ்துவாம். மாவடு ஊறுகாய் கைப்பையிலிருந்து வெளியேறியது. மருந்துகள் மாத்திரம் டாக்டர் சீட்டோடு கைப்பையில். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் இருக்கவேண்டும். சக்கர நாற்காலிக்கு விமானக் கம்பெனியிடம் சொல்லி வைத்தேன். "நான் என்ன நோயாளியா?" என்று மாமியார் கோபித்துக்கொண்டார். "நோயாளிக்காக இல்லை, அம்மா. மூன்று மணி நேரத்துக்காக" என்றதும் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை நீளமாகத்தான் இருந்தது. மணி அடித்தது. திரைக்குப் பின்னால் போய் வந்தார். "மரியாதையாகத்தான் பார்த்தாள், சின்னப் பெண்" என்றார். விமானத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் மறுபடியும் சோதனை. அங்கே நின்ற பெண் காவலர் மாமியாரின் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில், ஆண்கள் அணியும் ஸ்வெட்டர் ஒன்று வந்தது. நாப்தலின் வாசனை எங்கள் வரை அடித்தது. அதை அவர் எப்போது எடுத்து வைத்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"இது யாருது, பாட்டி?" என்று கேட்டார் காவலர், அரைகுறைத் தமிழில்.

"எங்க வீட்டுக்காரரோடது. டார்ஜிலிங் போகிறோம்" என்றார் மாமியார்.

அந்தப் பெண் ஸ்வெட்டரை ஒழுங்காக மடித்துப் பையில் வைத்து, "நல்லா குளிரும், போய்ட்டு வாங்க" என்று வழி விட்டார்.