பையன்களைப் பயமுறுத்தாதீர்கள்!

ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் படிப்பு. வயது பதினைந்து. இப்படி ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலையில் எழுகிறான். கட்டியிருந்த வேட்டி நனைந்திருக்கிறது. திடுக்கிடுகிறான். அப்பாவிடம் கேட்கப் பயம். அம்மாவிடம் சொல்ல வெட்கம். பள்ளிக்கூடத் தோழனிடம் மெல்லக் கேட்கிறான்.

"ஐயோ! உடம்புச் சத்தெல்லாம் போகுதடா! ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம்!" என்கிறான் தோழன்.

அன்று முதல் பையனுக்குச் சோறு இறங்குவதில்லை. தூக்கம் பிடிப்பதில்லை. பரீட்சையில் மார்க் குறைகிறது. கடைசியில், ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் "வைத்தியரிடம்" போகிறான். சேர்த்து வைத்த பணம் லேகியமாக மாறுகிறது.

அவனுக்கு என்ன நோய்? நோயே இல்லை. அவனைப் பிடித்திருப்பது பயம்.

உடம்பில் நடப்பது என்ன?

ரத்தம் வற்றி விந்து உண்டாவதில்லை. வாயில் எச்சில் ஊறுவதுபோல, அதற்கென்று உள்ள சுரப்பிகளில் விந்து ஊறுகிறது. ஒரு தடவை வெளியாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான். அதிலும் பெரும் பகுதி வெறும் நீர். பிள்ளைப்பேற்றுக்குக் காரணமான உயிரணுக்கள் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் அவை பல கோடி! பருவம் வந்த நாள் முதல் விதைகள் அவற்றை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன.

விந்து வெளியாவது இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் உயிரணுக்கள் குழாய் வழியே வந்து, சுரப்பிகளின் நீரோடு கலக்கின்றன. அப்போது மூத்திரப்பையின் வாய், மதகுபோல் இறுக மூடிக்கொள்கிறது. பிறகு தசைகள் சுருங்கிச் சுருங்கி விந்தை வெளியே தள்ளுகின்றன. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் இந்த வேலையை நடத்துகின்றன. தூக்கத்திலும் இது தானாக நடக்கும். அதுதான் சொப்பன ஸ்கலிதம்.

முக்கொம்பைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காவிரியில் நீர் மிகுந்தால் கொள்ளிடத்தில் திறந்துவிடுகிறார்கள். அதனால் காவிரி வறண்டுவிடுகிறதா? இல்லையே! சில பையன்களுக்குச் சொப்பன ஸ்கலிதம் வருவதே இல்லை. அதுவும் குறை அல்ல. வெளியேறாத உயிரணுக்களை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்கிறது.

பழைய பயம்

இந்தப் பயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. சுவிட்சர்லாந்து டாக்டர் டிசோ என்பவர் 1760-ல் ஒரு புத்தகம் எழுதி, ஐரோப்பா முழுவதையும் இப்படித்தான் நடுங்க வைத்தார். அங்கே விஞ்ஞானம் வளர வளர அந்தப் பயம் தேய்ந்தது. நம் நாட்டில் அது இன்னும் தீரவில்லை. விந்து போவதால் உடம்பு கெடுகிறது என்று நம்பிச் சோர்ந்து போகிறவர்களின் நிலைக்கு, 1960-ல் மனநல டாக்டர் விக் "தாது நோய்க்குறி" என்று பெயர் வைத்தார். இதற்கு முக்கிய வைத்தியம் உண்மையை எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுப்பதுதான்.

ஆண்மை பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. மீறினால் முதல் தடவை ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதிகாரிகள் அதை நடத்திக் காட்ட வேண்டும்.

பெற்றோர் கடமை

ஆனால் முதல் கடமை வீட்டாருடையது. பெண் பருவம் அடைந்தால் மாமன் சீர் வருகிறது; உற்றார் உறவினர் கூடுகிறார்கள். பையன் பருவம் அடைந்தால்? ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டார் பேசாத இடத்தில் லாட்ஜ் வைத்தியர் பேசுகிறார்!

வலி, எரிச்சல், சீழ், ரத்தம் ஆகியவை கண்டால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். திருச்சி புத்தூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகலாம். மற்றபடி மருந்து எதுவும் தேவை இல்லை.

"பயப்படாதே தம்பி, எனக்கும் உன் வயதில் இப்படித்தான் இருந்தது" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பா இல்லாத வீட்டில் மாமாவோ அண்ணனோ சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தையில் பையன் நிம்மதியாகத் தூங்குவான்.