அலுமாரியில் உறங்கும் குரல்கள்

விழா எடுக்குங் காலத்திற் கட்டடங்களைப் பற்றிச் சிந்தித்தல் எம்மவர்க்கு இயல்பு. மண்டபம் ஒன்று வேண்டும், வாயில் ஒன்று வேண்டும், மைதானத்திற்கு மதில் வேண்டும் எனப் பழைய மாணவர்கள் தத்தம் விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், திரட்டப்படும் நிதியில் முதற் பங்கு எதற்குச் செல்லவேண்டுமென எம்மை வினவினால், பழைய ஒலிப்பதிவு நாடாக்களைக் காப்பதற்கே என்று விடை கூறுவோம். இவ்விடை சிலருக்கு வியப்பைத் தரலாம். சிலருக்கு நகைப்பையுந் தரலாம். எமது காரணத்தைக் கேட்டபின் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

சுருள்நாடா ஒலிப்பதிவுக் கருவி வழக்கிலிருந்த காலத்தில், கல்லூரிகளிலும் வசதி படைத்த இல்லங்களிலும் எத்தனையோ குரல்கள் நாடாவில் ஏறின. பரிசளிப்பு விழாப் பேருரைகள், வாணி விழாக் கச்சேரிகள், மாணவர் நடித்த நாடகங்கள், பண்ணோடு பாடப்பட்ட தேவாரங்கள், திருவிழா மேளக் கச்சேரிகள் என அவை பலவகைப்பட்டன. பேருரையின் பொருளை அச்சிட்ட தாளிற் காணலாம். பேசியவரின் குரலையும் தயக்கத்தையும் அழுத்தத்தையும் தாளிற் காணவியலாது. 1975ஆம் ஆண்டு மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பை நேரிற் கேளாத தலைமுறைக்கு ஒலிப்பதிவையன்றி வேறு வழி ஏது? அவர் விரல்களின் நாதத்தை எந்த நூல் எழுதிக் காட்டும்?

இம்மலருக்கு விடயந் தேடியபோது நாடாச் சுருள் ஒன்று எம் கைக்கு வந்தது. தகரப் பேழையொன்றில் மிகுந்த அன்புடன் பேணப்பட்டிருந்த அதன்மேல் ‘பரிசளிப்பு விழா’ என்ற இரு சொற்களே எழுதப்பட்டிருந்தன. ஆண்டும் இல்லை, பேசியவர் பெயரும் இல்லை. மூடியைத் திறந்ததும் வினாகிரியின் புளித்த மணம் எழுந்தது. நாடா அலையலையாகச் சுருங்கி, தொட்ட இடத்தில் ஒடிந்தது. அதனைப் பேணியவர் மீது நாம் குறை காணவில்லை. பூட்டி வைத்தலே காத்தல் என்று அவர் எண்ணினார்; நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

இதன் காரணம் இரசாயனம் பயிலும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். ஒலிநாடா என்பது மெல்லிய பிளாத்திக்குப் பட்டையின் மீது இரும்பு ஒட்சைட்டுத் துகளைப் பசையிற் குழைத்துப் பூசிய பொருள். முற்காலத்து நாடாக்கள் பலவற்றிற் பட்டை செலுலோசு அசற்றேற்றால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர அது சிதைந்து அசற்றிக்கமிலத்தை வெளிவிடுகின்றது. வினாகிரியின் மணம் அவ்வமிலத்தின் மணமே. வெளிப்பட்ட அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றது. இறுக மூடிய தகரப் பேழை அவ்வாவியை உள்ளேயே அடைத்து வைக்கின்றது. அருகிலுள்ள நல்ல நாடாக்களையும் அது பற்றுகின்றது. அன்பு மிகுதியால் இறுக மூடியதே கேட்டிற்குத் துணையாயிற்று.

பின்வந்த நாடாக்களின் பட்டை பொலியெஸ்ரரால் ஆனது. அது எளிதில் ஒடியாது. வினாகிரி மணமும் வீசாது. ஆயின் அவற்றுட் சிலவற்றில், சிறப்பாக 1970களிலும் 1980களிலும் வெளிவந்தவற்றில், துகளைப் பிணிக்கும் பொலியூரேத்தேன் பசை காற்றின் ஈரத்தை ஏற்று நீர்ப்பகுப்படைகின்றது. அத்தகைய நாடாவைக் கருவியில் ஓடவிட்டால் அது ஒட்டிக்கொண்டு கீச்சிடும். கபிலநிறப் பசைத்துகள் கருவியின் தலையிற் படியும். அத்துகளோடு கச்சேரியும் உதிர்ந்து போகின்றதென்பதை உணர்தல் வேண்டும். இதனால், 1960களின் நாடா நன்றாக ஒலிக்க, அதற்குப் பின்வந்த நாடா பாழாகிக் கிடத்தலும் உண்டு.

காந்தப் பதிவு காலத்தால் மங்கிவிடுமெனப் பலர் கருதுகின்றனர். உண்மையிற் பதிவு பெரும்பாலும் நிலைத்தே நிற்கின்றது. அதனைத் தாங்கும் பட்டையும் பசையுமே முதலிற் கெடுகின்றன. உயிர் இருக்க உடல் நலிகின்றது. ஆதலின் உரிய காலத்திற் கைகொடுத்தால் மீட்பதற்கு இடமுண்டு. பசை ஒட்டும் பொலியெஸ்ரர் நாடாவை ஏறத்தாழ 50 பாகை சென்ரிகிரேட்டில், கட்டுப்படுத்திய வெப்பத்திற் பல மணிநேரம் உலர்த்தினால், சில வாரங்களுக்கேனும் அது ஓடத்தக்க நிலையை அடையும். அதற்குள் படி எடுத்துவிட வேண்டும். அசற்றேற்று நாடாவுக்கு இவ்வைத்தியம் நஞ்சாகும். சுருளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தோன்றுவது அசற்றேற்று. தோன்றாதது பெரும்பாலும் பொலியெஸ்ரர். எனினும், வீட்டில் எவரும் இவ்வைத்தியத்தை முயலாதிருப்பதே நன்று. இது பயிற்சி பெற்றோர் செய்யவேண்டிய பணி.

நாடாக்களை நெடுங்காலம் வைத்திருக்க 20 பாகை அளவான குளிர்ச்சியும், 40 சதவீதத்திற்கு மேற்படாத ஈரப்பதனும் வேண்டுமென்பர். எம் நாட்டுக் காற்றின் ஈரப்பதனோ பெரும்பாலும் 70 சதவீதத்தையுங் கடந்து நிற்பது. ஓட்டு வீட்டு அலுமாரியில் வைத்த நாடா ஒவ்வொரு மாரியிலும் சிறிது சிறிதாக நலிகின்றது.

நாடா நலியாதிருப்பினும் கருவி வேண்டுமே! யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து 2019ஆம் ஆண்டில் விடுத்த எச்சரிக்கையில், 2025ஆம் ஆண்டளவில் நாடாக்களை இயக்குங் கருவிகள் கிடைத்தல் அரிதாகிவிடுமெனக் குறிப்பிடப்பட்டது. அவ்வாண்டு எமக்கு இனி எதிர்காலமன்று. கருவிக்கும் மேலாக நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. நாடாவுக்கு வயது ஏறுவது போலவே, அதிலுள்ள குரல் இன்னாருடையதெனச் சொல்லவல்ல முதிய பழைய மாணவர்க்கும் வயது ஏறுகின்றது. பெயரறியாக் குரலை மீட்டென்ன, மீளாதென்ன?

“விழாவன்று அந்த நாடாவை ஒலிக்கவிட்டு மகிழ்வோம்” என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். அவர்தம் ஆர்வத்தை மதிக்கின்றோம், கருத்தை ஏற்கமாட்டோம். நலிந்த நாடாவுக்கு அந்த ஓட்டமே இறுதி ஓட்டமாகலாம். முதலிற் படி எடுத்தல் வேண்டும்; பின்னர் அப்படியையே சபையில் ஒலிக்கவிடலாம்.

இது எம் முன்னோர்க்குப் புதியதொரு நெறியன்று. செல்லரிக்குமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதுதல் அவர்தம் கடமையாயிருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் முன்னிருந்தவை காலத்தால் நைந்த ஓலைகளே. ஏடுகளைப் பேழையிலிட்டுப் பூட்டிப் பூசித்திருந்தால் நூல் எமக்குக் கிடைத்திராது.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எத்தனையோ வீட்டுப் பேழைகள் கைவிடப்பட்டன. அவ்விழப்புகளைத் தடுத்தல் எம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. எஞ்சிய நாடாக்கள் இனி அழியுமாயின் அதற்குப் பிறர் மேற் பழி கூற இயலாது, அப்பழி எம்முடையதே.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் உள்ள பழைய மாணவர் தம் இல்லங்களைத் தேடி, கிடைக்கும் நாடாக்களை ஓட்டிப் பாராமல் அறிவித்தல் வேண்டும். வினாகிரி மணம் வீசுவனவற்றைப் பிறவற்றினின்று பிரித்து, முதலிற் படியெடுத்தல் வேண்டும். எடுத்த படிகளை ஓரிடத்தில் மாத்திரம் வையாது, கடல் கடந்த ஓரிடத்திலும் வைத்துக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். கணினிப் படியும் சாகாவரம் பெற்றதன்று. 2005ஆம் ஆண்டு முதல் எம்மவர் நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணி, கூட்டு முயற்சியால் எவ்வளவு இயலுமென்பதற்குச் சான்று. இன்றைய மாணவர்கள் முதியோரின் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு குரலும் யாருடையது, எவ்விழாவிற் பேசியது என்று கேட்டெழுதல் வேண்டும். அதனினுஞ் சிறந்த சரித்திர பாடம் வகுப்பறையிற் கிடைப்பதரிது.

மண்டபத்தை அடுத்த ஆண்டு கட்டினால் அது ஓராண்டு பிந்தி எழும்; அவ்வளவே. இந்த மாரியில் ஒடியும் நாடாவை அடுத்த ஆண்டு எவராலும் ஒட்டவியலாது. புதிய மண்டபம் எழும் நாளில், எம் ஆசிரியப் பெருமக்களின் குரலே அதில் முதலில் ஒலித்தல் வேண்டுமென்பது எமது அவா.